பின்சீட்டில் மாயாண்டி மாமா

வியாழக்கிழமை பகல் பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது. அட்டனில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கரப்பத்தனையிலிருந்து ராசம்மா அத்தையின் குரல். "மாமா பீலித் தண்ணியில குளிக்கப் போனாரு புள்ள. கல்லு மேல ஒக்காந்தாரு. எந்திரிக்கல." வெளியே மூடுபனி மைதானத்தின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. மீதியை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாயாண்டி மாமா என் அம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் முப்பது வருடம் டிரைவர். துரைமார் மாறினார்கள், ஜீப்புகள் மாறின, மாமா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நரைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் பிரேக்கைத் தேடுவதுபோல் சற்று முன்னே நீண்டிருக்கும்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. கொழும்புப் பணக்காரர்கள் ஓட்டும் சின்ன ஜெர்மன் ஜீப் ஒன்றைப் பழையதாக வாங்க வேண்டும். நானுஓயா ஸ்டேஷனில் இறங்கும் வெளிநாட்டவர்களை ஏற்ற ஹோட்டல்காரர்கள் அந்த மாதிரி வண்டியைத்தான் கூப்பிடுகிறார்கள். வண்டி இருந்தால் அவர் மகன் சுமன் டோஹாவை விட்டு வந்து அதை ஓட்டலாம். அவன் போய் எட்டு வருடமாகிறது. வண்டிக்கென்று சேர்ந்ததில் பெரும்பகுதி அவன் அனுப்பியது. மோசமான வண்டியை வாங்கிவிட்டால் அவன் இன்னும் பல வருடம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் மாமா அவசரப்படவில்லை.

"என்னயப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒரு டீ குடிச்சாரு, சரின்னுட்டாரு" என்று அத்தை என்னிடம் முறையிட்டாள். "இந்த ஜீப்புக்கு மூணு மாசமா அலையறாரு."

"ஒன்னய மலையேத்த வேண்டிய அவசியமில்லயே" என்றார் மாமா.

போன மாதம் நுவரெலியாவில் துஷாந்த் என்ற தரகரிடம் ஒரு வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பனிக்குள் அது மெல்ல மெல்லத் தெரிந்தது. முத்து வெள்ளை நிறம். முதலில் விளக்குகள், பிறகு நெற்றி, பிறகு முழு உடம்பு. நாங்கள் வருவதற்காகவே யாரோ அதை அங்கே நினைத்து வைத்ததுபோல் இருந்தது.

மாமா குனிந்து அடியில் பார்த்தார். எண்ணெயைத் தொட்டு விரல்களுக்கிடையில் தேய்த்தார். பிறகு துஷாந்தை முன்னாலும் என்னைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். ஏற்றத்தில் கியர் தயங்குகிறதா, இறக்கத்தில் பிரேக் கருகிய வாடை வருகிறதா, வளைவில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. உள்ளே லேசாக ஈர வாடை அடித்தது.

"என்ன வாசம் மாமா?"

"நம்ம வீட்டு வாசம்தான்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. இங்கே கம்பளி, தலையணை, பள்ளிக்கூடத்துக் கொப்பி என்று எல்லாவற்றிலும் அந்த வாடை உண்டு. மழைக்காலத்தில் நாங்களே அப்படித்தான் மணப்போம். யாரும் அதை வாடை என்று எண்ணுவதில்லை.

திரும்பும்போது மாமா வண்டியை நிறுத்தி இறங்கினார். "தம்பி, நீங்க ஓட்டுங்க. நான் பின்னால ஒக்காந்து பாக்குறேன்."

"அண்ணே, வாங்கப் போறது நீங்க. பின்னால ஒக்காந்தா என்ன வெளங்கும்?"

"ஏறுறவங்களுக்கு எப்படியிருக்கும்னு வெளங்கும்."

பின்கதவை யாராவது திறந்துவிட வேண்டுமோ என்பதுபோல் ஒரு கணம் நின்றார். பிறகு தானே திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டைப் போடச் சொன்னேன். பின்சீட்டு பெல்ட் அவருக்குப் பழக்கமில்லை. எவ்வளவு இழுப்பது என்று தெரியாமல் கை நீண்ட மட்டும் இழுத்தார். வழக்கமாக வெளியே வராத கடைசிப் பகுதியும் வந்தது. அதன் குறுக்கே நேராக ஒரு செம்மண் கறை, அதற்கு மேல் சுத்தமான கறுப்பு. காய்ந்த வண்டல் அவருடைய வெள்ளைச் சட்டையில் மாவுபோல் உதிர்ந்தது.

எனக்கு உடனே புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது. இருந்தும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சாய்ந்தார். ஜீப் சத்தமில்லாமல் நகர்ந்தது. தேயிலை வரிசைகள் தூக்கத்தில் வருவதுபோல் வந்து வந்து பின்னால் போயின. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இப்பிடித்தான் இருந்திருக்கு தொரமாருக்கு" என்றார் மெதுவாக. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பயணம் முடியக் கூடாது என்று நான் நினைத்தேன்.

வண்டி நின்றதும் கண்ணைத் திறந்தார். "தம்பி, இது கொழும்புல எந்த வெள்ளத்துல நின்னுச்சு?"

துஷாந்த் சிரித்தான். "வெள்ளத்துல எல்லாருந்தான் நின்னோம் அண்ணே."

"நாம காஞ்சிட்டோம். வண்டியோட வயரு காயாது."

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி சில மாதம் நன்றாகத்தான் ஓடும், உள்ளே கம்பிகள் அரித்துக்கொண்டே வந்து ஒருநாள் ஏதாவது வளைவில் எல்லாம் அணைந்துவிடும் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு விளக்கினார். அங்கே கழுவிக் காயவைத்து இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். ஈர வாடையை யாரும் சந்தேகிக்காத ஊர் இதைவிட எது? "எனக்கே வெளங்கல பாரு, டீச்சர்" என்று சட்டையில் ஒட்டியிருந்த வண்டலைத் தட்டிவிட்டார். அன்று மாலை ஃபோனில் சுமனிடம், "இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

போன ஞாயிறு இன்னொரு வண்டி அகப்பட்டது. அதே இனம், சற்றுப் பழையது. நானுஓயாவில் கடை வைத்திருக்கும் சுப்பிரமணியம் முதலாளியுடையது, கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வந்தது. மாமா என் முன்னால்தான் அவருடன் பேசினார். வருகிற ஞாயிறு விடியற்காலையில் வருவதாகவும், தான் வந்து பானட்டில் கை வைத்துப் பார்க்கும்வரை யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். குளிரில் கிடந்த இஞ்சின் எப்படி எழுந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். முதலாளி, "சனிக்கெழமயே சாவிய ஒளிச்சு வச்சிர்றேங்க" என்றார். மாமா வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுமன் நேற்று வந்து சேர்ந்தான், பத்து நாள் லீவில். இன்று சனிக்கிழமை, பகல் அடக்கம் முடிந்தது. மாமாவின் ஃபோன் சார்ஜ் இல்லாமல் அத்தையின் தகரப் பெட்டியில் கிடக்கிறது. அவர் நாளைக் காலை வரமாட்டார் என்று சுப்பிரமணியம் முதலாளிக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.