எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், வைகாசி மாதம். எழுபத்தெட்டு என்றுதான் நினைக்கிறேன். வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று இப்போதே கவலை வந்துவிட்டது. அப்போது நான் மதுரை காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கல்யாணம் ஆகவில்லை.

ஆகாததற்குக் காரணம் இருந்தது. விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான், பட்டணத்துக்கு வந்த பிறகு ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டேன். கோபுரமும் மணியும் உள்ள தேவாலயம் என்று நினைக்க வேண்டாம். மாவு மில்லுக்கு மேலே ஒரு வாடகைக் கூடம். பாய் விரித்து உட்காருவோம். என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். வேதத்தில் எழுதியிருப்பதை எழுதியபடியே நம்புகிறவர்கள். வெள்ளை உடைதான் உடுத்துவோம். நகை, பூ, சினிமா எதுவும் கிடையாது. படையல் வைத்த பண்டத்தை வாயில் வைக்க மாட்டோம். வேறு சாமி கும்பிடும் இடத்துக்குள் கால் வைக்க மாட்டோம். மற்ற கிறிஸ்தவர்களே எங்களைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள்; பெண் யார் கொடுப்பார்கள்?

அங்கே போய்ச் சேர்ந்ததற்குப் பெரிய தத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. பட்டணத்தில் மஞ்சள் காமாலை வந்து தனியாகக் கிடந்தபோது, சக ஊழியர் ஒருவர் என்னை அந்தக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். முன்பின் தெரியாதவர்கள் என் பெயரைச் சொல்லி, கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். அப்பாவும் அம்மாவும் செத்துப்போன பிறகு, பட்டணத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூட யாரும் இல்லை. அன்றைக்கே நான் அவர்களில் ஒருவனாகிவிட்டேன்.

என் கூடப் பிறந்தது அக்கா ஒருத்திதான். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அந்த வருஷம் சித்திரைக் கடைசியில் அவள் என் அறைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பி, வர்ற வைகாசியில பிள்ளைக்கு முடியெறக்கிக் காது குத்துறோம். குலசாமி கோயில்ல. மடி நீதான்டா குடுக்கணும்."

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். மாமன் மடி இல்லாமல் குத்தினால், பிறந்த வீட்டில் நாதியற்றவள் என்று பெற்றவளைச் சொல்லிக் காட்டுவார்கள், ஆயுசுக்கும். எனக்கும் அது தெரியும். ஆனாலும், "வரமாட்டேன்க்கா. கோயிலுக்குள்ள நா வரக்கூடாது. நகை போடுறதும் எங்களுக்கு ஆகாது" என்றேன்.

"ஏன்டா, எனக்கு என்ன பத்துத் தம்பியா இருக்கான், நீ இல்லாட்டி அடுத்தவனக் கூப்புட?"

நான் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

"ஒங்க சாமி எல்லாரையும் நேசிக்கச் சொன்னாருன்னு சொல்லுவ. எம் மக அந்த எல்லாருல சேத்தியில்லையா?"

கடைசியில், வருகிறேன், ஆனால் கோயில் எல்லைக்குள் வரமாட்டேன் என்று சொன்னேன். அவள் காபிகூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

சொன்னபடி போனேன். மேலூரில் பஸ் மாறி, இறங்கி, வெயிலில் நடந்தேன். கையில் ஒரு பன் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும். அங்கே சமைப்பதெல்லாம் படைத்த பிறகுதான் பரிமாறுவார்கள், சாப்பிட முடியாது என்று நானே எடுத்துப் போயிருந்தேன். கோயில் என்றால் கட்டடம் இல்லை. வெட்டவெளியில் மண் குதிரைகள், ஒரு வேல், நாலு பக்கமும் எல்லைக் கல். கல்லுக்கு வெளியே ஒரு புங்க மரம் இருந்தது. அதன் அடியில் நின்றுகொண்டேன்.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முகத்தைத் திருப்பாதவர்கள் கேலி செய்தார்கள்.

"என்ன மாப்ள, வெள்ளையும் சொள்ளையுமா மரத்துக்குக் காவலா?"

"விடுப்பா, அவரு கிட்ட வந்தா நம்ம சாமி பயந்துக்கிரும்."

சிரிப்புச் சத்தம் அடங்கியதும் பொங்கல் பொங்கியது, குலவை கேட்டது. நான் மரத்தடியில் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபது எழுபது பேர் எனக்கு உறவு, ஒருவர்கூட என் பக்கம் இல்லை. நான் செய்வது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியாக இருப்பது இத்தனை வெறுமையாக இருக்கும் என்று சபையில் யாரும் சொல்லித் தரவில்லை.

உள்ளே ஏதோ தகராறு கிளம்பியது. எங்கள் பெரியப்பா மகன் ஒருவன் மணையில் உட்கார்ந்து மடி கொடுக்கத் தயாராகியிருக்கிறான். அக்கா பிள்ளையைத் தரமாட்டேன் என்று நிற்கிறாள். அவள் மாமியார் குரல் மரத்தடி வரை கேட்டது.

"சாமி வாசல விட்டுப்புட்டு முள்ளுக்காட்டுல கொண்டு போயி வச்சாடி குத்துவாக? குத்தம் வந்தா யாரு தாங்குறது?"

"வர்ற குத்தம் எனக்கு வரட்டும். எந் தம்பி உசுரோட அங்கன நிக்கிறான்."

கூட்டம் விலகியது. அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் காது குத்தும் ஆசாரி, அவருக்குப் பின்னால் மணையைத் தூக்கிக்கொண்டு மச்சான். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டும்போது அக்கா ஒரு நிமிஷம் நின்று, திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சாமி விளையாட்டுப் பொருள் இல்லை. என் தேவன் எனக்கு எப்படியோ, அவளுக்கு அது அப்படி.

என் முன்னால் வந்ததும் பிள்ளையின் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தாள். முந்தானையில் எச்சில் தொட்டு, பிள்ளை நெற்றியில் இருந்த திருநீற்றை அழுத்தித் துடைத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் மட்டும் மிச்சம்.

"இந்தா. ஒனக்கு ஆகாததெல்லாம் எடுத்துட்டேன். சந்தனம் வெயிலுக்குத்தான், சாமிக்கில்ல. இப்பச் சொல்லு."

ஆசாரி கையில் தங்கக் கம்பி மின்னியது. நகை எனக்கு விலக்கப்பட்டது. அது மாறவில்லை. ஆனால் என் அக்கா தன் சாமியைத் தாண்டி வந்து நிற்கிறாள். மச்சான் மணையைக் கீழே போட்டார். மணையில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"மாப்ள, தலைய அசையாமப் புடிங்க" என்றார் மச்சான். அன்று அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பிள்ளை வீறிட்டாள். என் சட்டைப் பித்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குத்தி முடித்த பிறகும் விடவில்லை. சந்தனமும் கண்ணீரும் என் சட்டையெல்லாம். அக்கா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, என் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"இந்தக் காஞ்ச பன்னுக்கா கெடாக் கறிய வேணாம்னு ஒக்காந்திருக்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைப் பெரியவரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க எனக்குத் தெரியாது. அவர் கோபப்படவில்லை. "தம்பி, உம்மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா ஒழுங்குன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். மூன்று மாதம் எனக்குத் திருவிருந்தின் அப்பமும் பாத்திரமும் இல்லை. படிக்கட்டுப் பக்கம் கடைசிப் பாயில் உட்கார்ந்திருப்பேன். அப்பத்தட்டு ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, எனக்கு முன்னால் இருப்பவரோடு நின்றுவிடும். என் பெயரைச் சொல்லி அழுதவர்கள்தான் அவர்கள். முகத்தை நேராகப் பார்க்க அவர்களாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

அதே சமயம் ஊரில் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது. சாமி குத்தம் என்று மாமியார் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாளாம். அக்கா தினமும் உச்சிவெயிலில் தனியாக அந்தக் கோயிலுக்குப் போய், தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளை தேறிவிட்டாள். இதை அக்கா என்னிடம் சொல்லவே இல்லை. வெகுகாலம் கழித்து மச்சான்தான் சொன்னார். "ஒங்க அக்காவும் நீங்களும் ஒரே அச்சு மாப்ள. சாமிதான் வேற" என்றார்.

நான் அதே சபையில்தான் இருக்கிறேன். அதே வெள்ளைச் சட்டை, அதே கட்டுப்பாடுகள். அடிப்படைவாதி, பிடிவாதக்காரன் என்றெல்லாம் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதில் தப்பில்லை; நான் நம்புவதை இன்னும் அப்படியே நம்புகிறேன். இரவில் முழங்கால் போடும்போது அன்றைய குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணி மன்னிப்புக் கேட்பது என் வழக்கம். ஆனால் அந்தப் புங்க மரத்தடி நினைவுக்கு வரும்போது மட்டும் மன்னிப்பு என்ற சொல் வாயில் வருவதில்லை, நன்றி என்றுதான் வருகிறது.