அழகையா பூட்டி வைத்த இருநூற்று நாற்பது ஜிபி

அழகையா யாரையும் நம்பமாட்டார். சீனி போட்டாயிற்று என்று சொந்த மனைவியே சொன்னாலும், ஒரு தடவை கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீரைக் குடிப்பார். அப்படிப்பட்ட மனுஷனிடம்தான், 2008ஆம் ஆண்டு, மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் மிளகும் கராம்பும் ஏற்றுமதி செய்த மக்கீன் முதலாளி தன் புதிய சேர்வரை ஒப்படைத்தார்.

ஒரே பெட்டி. அதற்குள்ளே மூன்று கணினிகள் தனித்தனியாக ஓட வேண்டும்: கணக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, அலுவலகக் கோப்புகளுக்கு ஒன்று. டிஸ்கில் இருந்தது அறுநூறு ஜிபி. அதை மூன்றுக்கும் எப்படிப் பங்கு போடுவது என்று திட்டம் போடுவது அழகையாவின் பொறுப்பு. பெட்டியை விற்ற ராஜநாயகம் சுலபமான வழி ஒன்று சொன்னார்.

"மூணுக்கும் நானூறு நானூறுன்னு எழுதி விடுங்க. மொதல்ல கொஞ்சந்தான் எடுக்கும். தேவைக்கு ஏத்த மாதிரி அதுவா வளரும்."

"இருக்கிறதே அறுநூறு. மூணும் ஒரே நேரத்துல கேட்டா?"

"அப்பிடியெல்லாம் கேக்காதுங்க."

கேட்காதாம்! இல்லாத இடத்தை எழுதிக் கொடுக்கும் வித்தை அழகையாவிடம் பலிக்குமா? ஆரம்பத்திலேயே அளந்து வெட்டிக் கொடுத்துவிடும் நிலையான டிஸ்குகளையே அவர் போட்டார். கணக்குக்கு நூற்றைம்பது, மின்னஞ்சலுக்கு நூற்றைம்பது, கோப்புகளுக்கு அறுபது. மீதி இருநூற்று நாற்பதை ஒருவரிடமும் மூச்சு விடாமல் ஒதுக்கி வைத்தார். இதுவரைக்கும் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோப்புகளைப் பார்த்துக்கொண்டவள் கிளார்க் மரிய கொறற்றி. ஐந்தாம் மாதமே வந்து நின்றாள்.

"அழகையா அண்ணே, டிஸ்க் நெறையப் போவுது. இன்னும் ஒரு நூறு தாங்களேன்."

"அறுபதையும் எதைப் போட்டு நெரப்புனீங்க?"

"ஸ்கேன் பண்றதுதான் அண்ணே. ஒண்ணொண்ணும் பெருசு பெருசா வருது."

அவள் போனதும் அழகையா உள்ளே புகுந்து பார்த்தார். கப்பல் பத்திரங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு தொகுப்பு இருந்தது. மூட்டை தூக்குபவர்கள், மிளகு புடைக்கும் பெண்கள் எனப் பலருடைய அடையாள அட்டையும், இந்த ஊர்க்காரர்தான் என்று உறுதி சொல்லும் கிராம சேவகர் கடிதமும். பெயர், விலாசம், வீட்டில் எத்தனை பேர் என்பது வரைக்கும். அத்தனையும் தமிழ்ப் பெயர்கள்.

எண்பத்துமூன்று கலவரத்தில் மாத்தளையில் அப்பாவின் கடையைக் கொளுத்த வந்தவர்கள் கையில் தமிழர்களின் பெயரும் விலாசமும் எழுதிய ஒரு தாள் இருந்ததை ஒன்பது வயதில் கண்ணால் கண்டவர் அவர். இவள் யாருக்குக் கொடுக்க இதைச் சேர்க்கிறாள்? போன மாதம் ராணுவ ஜீப்பில் வந்தவர்களிடம் சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினாளே! அவ்வளவுதான், அழகையா தீர்ப்பே எழுதிவிட்டார்.

முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். நம்ம ஆட்களை எங்காவது சோதனையில் பிடித்து வைத்தால் உடனே பெக்ஸில், அதாவது தொலைநகலில், அனுப்ப வேண்டுமென்று அவற்றைச் சேர்க்கச் சொன்னவரே முதலாளிதான். ஆனால் சந்தேகக்காரன் கேட்பானா? கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவானே!

"எடம் இல்ல" என்று வாய் கூசாமல் சொன்னார். கொறற்றி மூன்று தடவை கேட்டாள். மூன்றாம் தடவை, "அடுத்த மாசம் பாப்போம்" என்றார்.

2009 பெப்ரவரியில், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து இருளாண்டி, கொழும்புக்கு மிளகு ஏற்றிய லொறியில் மூட்டை இறக்கப் போனார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டை தொலைந்து, புதியதற்கு விண்ணப்பித்த துண்டுதான் அவர் கையில் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் கிராம சேவகர் கடிதம் பெக்ஸில் வந்தால் விட்டுவிடுவார்களாம் என்று சாரதி போனில் பதறினான்.

"கொறற்றி, இருளாண்டிட கடிதத்த எடுங்க புள்ள, கெதியா!" என்று முதலாளி ஓடி வந்தார்.

"இல்ல முதலாளி. போன கெழமை கொண்டாந்தாரு. டிஸ்க் நெறைஞ்சு ஸ்கேன் பதியல. எடம் கெடைச்சதும் கூப்பிடுறேன்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

அவள் அழகையாவின் பக்கம் திரும்பவேயில்லை. முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதத்தை அனுப்பினார்கள். அது போதாது என்று பதில் வந்தது. வேன் தோட்டத்துக்குப் பறந்து, இருளாண்டியின் மனைவி சுந்தரம்மாவிடம் கடிதத்தை வாங்கி வந்து அனுப்பும்போது மணி ஒன்று பத்து. அதற்குள் ஆளை வேறு எங்கோ கொண்டுபோயிருந்தார்கள்.

அன்றே அழகையா அந்தக் கணினியை நிறுத்தி, டிஸ்கை இருநூறாகப் பெருப்பித்தார். முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"எடம் இருந்திச்சு தங்கச்சி. ஒங்களத்தான் நான் நம்பல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணே" என்றாள் கொறற்றி.

பத்தொன்பதாம் நாள் இருளாண்டியை விட்டார்கள். பாதி ஆளாகத் திரும்பி, காலை இழுத்து இழுத்து நடந்தார். வேலைக்கு வந்த அன்றே அழகையா அவரைக் கூப்பிட்டுத் தானே ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்தார்.

"கடிதத்தக் குடுங்கண்ணே, நானே பதிஞ்சு வைக்கிறேன். இனி எங்க நிப்பாட்டுனாலும் அஞ்சு நிமிசத்துல அனுப்பிருவோம்."

இருளாண்டி சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"வேணாங்க தம்பி. எம் பேரு எந்தப் பொட்டியிலயும் இருக்க வேணாம்."

"வெளிய யாருக்கும் போவாதுண்ணே. சத்தியமா."

"அத நான் எப்பிடி நம்புறது?"

வேறு யார் இப்படிக் கேட்டிருந்தாலும் அழகையா நியாயம் பேசி மடக்கியிருப்பார். இப்போது ஸ்கேனரை அணைத்துவிட்டு எழுந்தார்.