கண்டாக்கையா வராத நாள்

போனில் டாம் என்கிற காய்வெட்டு ஆட்டம் ஆடுகிறவர்களில் தோல்வியைத் தாங்குகிற ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. எதிராளிக்கு இரண்டு காய் மிஞ்சியிருக்கும். அடுத்த நகர்த்தலில் இரண்டையும் வெட்டப் போகிறேன். அந்த நேரம் பார்த்துத் திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வரும். ஆட்டம் செல்லாதாம். நேற்று ஆடிய ஆறில் நான்கு இப்படிப் போயின.

"அவங்களுக்கு நெட் போயிருக்கும் தாத்தா" என்கிறாள் பேத்தி.

ஜெயிக்கிறவனுக்கு ஏன் ஒருநாளும் போவதில்லை? நான் தோற்கும்போது இந்த நோர்வூட்டில் சிக்னல் கல்லுப்போல் நிற்கிறது.

இந்தக் களவு எனக்குப் புதிதல்ல. அம்மாவின் தம்பி, என் மாமா, போன் இல்லாத காலத்திலேயே இதில் கரைகண்டவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் உட்கார்ந்து ஆடுவோம். தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் கீறிய கட்டங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு சோடா மூடிகள். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா லீவு நாளிலும் லயத்துப் பக்கம் வந்து, சும்மா இருக்கும் ஆண்களைப் பிடித்துக் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்ட அனுப்பிவிடுவார். அதனால் அவர் தலை தெரிந்ததும் ஆண்கள் மறைவது வழக்கம். அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை. மாமா அந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். தோற்கும் நேரத்தில் என் தலைக்கு மேலாகப் பாதையைப் பார்ப்பார்.

"கண்டாக்கையா வாராரு, மருமகனே."

பலகை எழும்பும், மூடிகள் சிதறும், மாமா பின்பக்கத்தால் மறைவார். பாதையில் ஒரு நாய்கூட இருக்காது.

"அது அழிஞ்ச ஆட்டம். கணக்குல வராது" என்பார் பிறகு.

"பச்சப்புள்ளய ஏமாத்தித் திங்கிறியேடா, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா" என்று அம்மா திட்டுவார். மாமா சிரிப்பார். எனக்குச் சிரிப்பில்லை. நான் ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஹட்டனுக்குக் கூட்டிப்போய்க் கோச்சி காட்டுவதாக அவர் சொல்லியிருந்தார். புகைவண்டியை நான் சத்தமாக மட்டுமே அறிந்திருந்தேன். ஒன்பது ஆட்டங்கள் அழிந்திருந்தன.

பத்தாவதில் நான் இடம் மாறி உட்கார்ந்தேன். பாதை இப்போது என் கண்ணுக்கு நேரே. மாமாவின் முதுகுக்குப் பின்னால். வீட்டில் பெரியவர்கள் கொஞ்ச நாளாக இந்தியா, இந்தியா என்றும், இலங்கையை விட்டு அனுப்பப்படுகிறவர்களின் பட்டியல் என்றும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கெதற்கு? எனக்கு ஐந்து காய், அவருக்கு இரண்டு.

மாமா நெடுநேரம் பலகையைப் பார்த்தார். பிறகு திரும்பியும் பாராமல் மெதுவாகச் சொன்னார்.

"கண்டாக்கையா வாராரு, மருமகனே."

"எங்க வாராரு? நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று கத்தினேன். மாமா பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வழக்கை அம்மாவிடம் கொண்டு போனேன். அம்மா அன்று அவரைத் திட்டவில்லை. "போகட்டும் விடுடா" என்றார். எனக்கு அதுதான் ஆறவில்லை.

அந்த வாரமே எல்லோரும் ஹட்டனுக்குப் புறப்பட்டோம். மாமா புதுச்சட்டை போட்டிருந்தார். கையில் கயிறு கட்டிய தகரப்பெட்டி. ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. கோச்சி நான் நினைத்ததைவிடப் பெரிது. மாமா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தோத்துட்டேன்னு சொல்லுங்க மாமா."

"தோத்துட்டேன் மருமகனே" என்றார். "அதனாலதானே கோச்சி காட்டுறேன்."

வண்டி நகர்ந்தது. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுகை. நான் பெட்டிகளை எண்ணி முடித்துவிட்டு, மாமா எந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

பத்து ஆட்டம் பொறுத்து ஜெயித்திருக்கிறேன்; ஒருவர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை.