டக்குவும் பத்து அங்குலக் கம்ப்யூட்டரும்

என் வீட்டில் எந்த மெஷின் கெட்டாலும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். முப்பது வருஷமாக லாரி இன்ஜினைப் பிரித்துக் கோக்கிறவன் நான். ஆனால் இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்றால் என் பெண்டாட்டி தன் தங்கைக்குத்தான் போன் போடுவாள். இந்த எரிச்சல் என் கல்யாணத்தன்றே ஆரம்பித்தது. மைக் செட் நின்றுபோனது. மாப்பிள்ளை மெக்கானிக் ஆச்சே என்று கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டு எழுவதற்குள் பதினாறு வயசுப் பெண் ஒருத்தி ஹேர்பின்னால் வயரை முடுக்கிவிட்டுப் போய்விட்டாள். அவள்தான் என் கொழுந்தியாள். எதையும் டக்கென்று முடிப்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் டக்கு.

டக்கு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறவள். பத்தொன்பது வருஷம். டாக்டர் வாயை மூடுவதற்குள் தாள் வெளியே வந்துவிடும். "வலது கிட்னியா, இடதா? நல்லா பாத்துச் சொல்லுங்க சார்" என்று அவரையே திருப்பிக் கேட்பாள். மூன்று மாதத்துக்கு முன் படியில் விழுந்து இடுப்பில் ஆபரேஷன். மூன்றாவது மாடி வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. சென்டர் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: வருகிற திங்கட்கிழமை ஒன்பது மணியிலிருந்து வீட்டிலிருந்தபடியே டைப் செய்து அனுப்பலாம். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

அவளிடம் இருந்தது பன்னிரண்டு வருஷப் பழசான, பத்து அங்குலக் குட்டிக் கம்ப்யூட்டர். அதை ஆன் செய்தால் திரை வருவதற்குள் குளித்துத் துணி துவைத்து வரலாம். கடைக்காரன் பார்த்துவிட்டு, "குப்பையில போடுங்க" என்றானாம். புதுசு வாங்க அப்போது வழியில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அத்தான். மேல ஏத்தியிருக்கிற லோடுதான் அதிகம்" என்றாள். "மெஷினை ஓட்டுற பழைய சிஸ்டத்தை அழிச்சிட்டு, லினக்ஸ்னு இலவசமா கிடைக்கிறதைப் போடப் போறேன். அதுலயும் ரொம்ப லேசானது ஒண்ணு இருக்கு."

லோடு என்றதும் எனக்குப் பிடிபட்டது. அவள் போனில் தேடி எழுதிக் கொடுத்த பெயரைச் சரிபார்த்து, பிரவுசிங் சென்டரில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை காலை போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி செருகினாள். ஏதோ பட்டனை அமுக்கினாள். இரண்டே நிமிஷத்தில் நீலத் திரை பளிச்சென்று வந்தது. அது கேட்ட நாலு கேள்விக்குப் பதில் சொன்னதும் திரையில் ஒரு கோடு மெல்ல நீள ஆரம்பித்தது. "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று வாக்கரைப் பிடித்து பாத்ரூம் போனாள்.

நான் பார்த்துக்கொண்டேன். பேட்டரி இறங்கின வண்டிக்கு ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தால், இன்ஜின் ஓடினதும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். என் கை அப்படிப் பழகின கை. திரைதான் வந்துவிட்டதே என்று பென்டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த நிமிஷம் திரை உறைந்துபோனது.

டக்கு வந்து பார்த்தாள். என் பையையும் பார்த்தாள்.

"என்ன அத்தான் பண்ணீங்க?"

"வண்டிதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே. கேபிளைக் கழட்டிட்டேன்."

"அது கேபிள் இல்ல, இன்ஜினே அதுலதான் இருக்கு! பாதிதான் உள்ள இறங்கியிருந்துச்சு."

"அப்ப பழசு?"

"அழிஞ்சிடுச்சு."

பத்தொன்பது வருஷ வேலையை ஒரே உருவலில் உருவிவிட்டேனே! "போச்சா?" என்றேன்.

"எங்க போகும்? என் ஃபைல் எல்லாத்தையும் நேத்தே போன்ல ஏத்திட்டேன். நீங்க வர்றீங்கன்னு அக்கா சொன்னப்பவே உஷாராயிட்டேன். குடுங்க அதை. ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு அந்த மூலையில உக்காருங்க."

உட்கார்ந்தேன். முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்துக்குள் கோடு முழுசாக ஓடி முடிந்தது. எடுக்கச் சொன்ன பிறகுதான் பென்டிரைவைத் தொட்டேன். மறுபடி ஆன் செய்தாள். நான் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் திரை வந்துவிட்டது. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் அடித்துப் பார்த்தாள். எழுத்து அவள் விரலுக்குப் பின்னாலேயே ஓடியது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு டாக்டர் குரல் போனில் வந்தது. அவர் இருமி முடிப்பதற்குள் முதல் ரிப்போர்ட் போய்விட்டது. பதினொரு மணிக்கு மேனேஜரே கூப்பிட்டு, இனி எப்போதும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே எனக்குப் போன் போட்டாள். அதற்குப் பிறகு இதுவரைக்கும் அவள் எனக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை. "அத்தான், சென்டர்ல கதவோரமா பச்சை நாற்காலி ஒண்ணு கிடக்கும். அது நான் வாங்கிப் போட்டது. தூக்கிட்டு வந்துடுங்க. மூணு மாடிதான். வழியில எதையும் கழட்டிடாதீங்க."