பெட்டிகள் தெரியாத சுவர்

ஃபிர்தௌஸுக்கு வரைய வரும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் வாடிக்கையாளர்கள்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பிளைவுட் கடையில் அவள் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு எவ்வளவு பலகை பிடிக்கும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு, கையில் கிடைத்த அட்டையில் கட்டிலையே வரைந்து காட்டுவாள். "மேல் பலகைய தூக்கினா உள்ள பாத்திரம் வைக்கலாம்ணா" என்பாள். ராயபுரத்துச் சந்துகளில் வீடுகள் சின்னவை, சாமான்கள் பெரியவை. மெல்ல மெல்ல ஆட்கள் கடையை விட்டுவிட்டு அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். படிக்கிற மேசைக்குள் தையல் மிஷின், சோபாவுக்குள் பாயும் தலையணையும் என்று அந்தந்த வீட்டுக்கு ஏற்றபடி யோசித்துக் கொடுத்தாள். ஒருநாள் கடை வேலையை விட்டாள். அளவெடுப்பதும் வரைவதும் அவள். பலகையை அறுத்துப் பொருத்திப் பூட்டுவது மாதவரத்தில் பட்டறை வைத்திருந்த சௌக்கத் அலி.

எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து குமாரவேல் கூப்பிட்டது போன வருடம். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். மாடி ஏறிப் போய்க் கதவுக்குள் நுழைந்ததும் ஃபிர்தௌஸ் நின்றுவிட்டாள். ஒரு பக்கச் சுவர் முழுக்க, கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். குமாரவேலின் மனைவி ராஜாத்திக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்து நீரை ஏற்றி இறக்கும் டயாலிசிஸை வீட்டிலேயே, தினம் பலமுறை செய்துகொள்கிறாள். அந்த நீர்ப் பைகள்தான் மாதாமாதம் வண்டியில் வந்து இப்படி அடுக்கப்படுகின்றன.

"எம் பொண்ணு வினிதாவ பொண்ணு பாக்க வர்றாங்கோ" என்றார் குமாரவேல். "வர்றதுக்குள்ள இது ஒண்ணும் கண்ணுல படக் கூடாதும்மா. சோபாவோ ஷோகேஸோ, நீயே பாத்து போட்டுக் குடு. உள்ள இன்னா கீதுன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது."

அளவு நாடாவை இழுத்துக்கொண்டிருந்த ஃபிர்தௌஸ் நிறுத்தினாள். "மாப்ள வூட்டுக்கு அக்கா ஒடம்பு விஷயம் தெரியுமாணா?"

"கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

ஃபிர்தௌஸ் நாடாவைச் சுருட்டிவிட்டாள். அவளுடைய நிக்காஹ் நடந்தபோது மாப்பிள்ளைக்கு வலிப்பு வரும் என்று யாரும் சொல்லவில்லை. வந்தபோதெல்லாம் மாமியார் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நோயை அவள் தாங்கியிருப்பாள். தெரு முழுக்கத் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. கடைசியில் தாய் வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

"மறைக்கத்தான்னா இத நான் செய்யலணா" என்றாள்.

"உன்ன பொட்டி செய்யக் கூப்ட்டேன். பஞ்சாயத்து பண்ண இல்ல" என்று சொல்லிவிட்டுக் குமாரவேல் விருட்டென்று படியிறங்கிப் போனார்.

ஃபிர்தௌஸும் பையை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் கட்டிலில் இருந்த ராஜாத்தி பேசினாள்.

"இன்னா தங்கச்சி, அவரு சொன்னத கேட்ட, போற. எனக்கு இன்னா வோணும்னு கேட்டியா?"

ஃபிர்தௌஸ் திரும்பிப் பார்த்தாள். வந்ததிலிருந்து இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அவரு ஊருக்கு மறைக்கச் சொல்றாரு. எனக்கு அது வாணாம். காலைல கண்ண முழிச்சா மொதல்ல இந்தப் பொட்டிங்கதான். சாப்ட ஒக்காந்தா எதுக்க அதான். அத்திப்பட்டு கரண்டு பேக்டரி பக்கத்துலேந்து காத்து அடிச்சா கரித்தூளு வந்து படியிது, தொடச்சிகினே கீறேன். வூட்டுக்குள்ள ஒரு செவுரு எப்டி இருக்கும்னே மறந்துட்ச்சி எனக்கு."

ஃபிர்தௌஸ் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "பொட்டிலேந்து மருந்துப் பைய எடுத்துக் குடுக்கறது யாருக்கா?"

"யாரு குடுப்பா? அவரு கடலுக்குப் போய்டுவாரு, வினிதா வேலைக்கி. நான்தான். குனியக் கூடாது, வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு. இன்னா பண்றது?"

மேலே திறக்கிற பெட்டிக்கட்டில் ஒன்றை மனதுக்குள் ஏற்கெனவே வரைந்திருந்தாள் ஃபிர்தௌஸ். அது அங்கேயே செத்தது. சுவர் நீளத்துக்கு ஒரே பலகை முகப்பு. அதில் இடுப்பு உயரத்தில் கீழ்நோக்கித் திறக்கிற ஒரு தட்டு, அன்றன்றைக்குத் தேவையான பைகளை வினிதா காலையில் எடுத்து வைத்துவிட்டுப் போக. பெட்டிகளெல்லாம் அதற்கு இருபுறமும், சக்கரம் வைத்த உயரமான வண்டிகளில். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் கைப்பிடி வேண்டாம். விரல் நுழைய ஒரு வெட்டு போதும். மூடிவிட்டால் வெறும் சுவர்.

"கடல் கலரு போடலாமாக்கா?"

"ஐய, வாணாம். ஆயுசுக்கும் அத பாத்தாச்சி. சந்தன கலரு போடு" என்ற ராஜாத்தி, தலைமாட்டிலிருந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "மாப்ள வூட்டுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன். இவரு கத்துவாரு. கத்தட்டும்" என்றாள்.

சொன்னபடியே சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பிறகு அவர்களிடமிருந்து பேச்சே இல்லை.

"நீ வந்து வாயத் தொறந்தே, எல்லாம் கெட்டுச்சி" என்று குமாரவேல் போனில் கத்திவிட்டு வைத்தார். ஃபிர்தௌஸ் சௌக்கத் அலியிடம் வேலையை நிறுத்தச் சொன்னாள். குமாரவேல் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னுடைய காயத்துக்கு வேறொருத்தி வீட்டில் போய் மருந்து தேடிவிட்டோமோ என்று கலங்கினாள். அந்த மாப்பிள்ளை நல்லவனாகவும் இருந்திருக்கலாமே.

சில நாள் கழித்து வினிதா பேசினாள். "வேலைய நிறுத்திட்டீங்களாமே? எங்கம்மா தெனம் செவுரு எப்போ வரும்னு கேட்டுகினே கீறாங்க."

"உன் விஷயம்..."

"போனா போவுதுக்கா. எங்கம்மாவுக்காகப் போறவன் போவட்டும். அழுதேன், இல்லங்கல. ஆனா நீங்க வந்து பூட்டுங்க."

பூட்டுகிற அன்று குமாரவேல் வீட்டில்தான் இருந்தார். ஃபிர்தௌஸின் முகத்தைப் பார்க்காமல், பலகைகளை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து மாடி ஏற்றினார். முகப்பு நின்றதும் புதிய மாதத்துப் பெட்டிகள் வந்து இறங்கின. அவை பழையவற்றைவிட உயரமாக இருந்தன. வண்டி உள்ளே போகாமல் இடித்தது. பெட்டி அளவு மாறும் என்று ஃபிர்தௌஸ் நினைத்தே பார்க்கவில்லை.

"கழட்டி வேற செஞ்சி தர்றேன்ணா" என்றாள்.

குமாரவேல் கத்தியை எடுத்து ஒரு பெட்டியின் அட்டையைக் கிழித்தார். உறை பிரிக்காத பைகளை ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்றின் கால்மாடு வரும்படி படுக்கவைத்து அடுக்கினார். எல்லாம் உள்ளே போனது, மேலே இடம்கூட மிச்சம் இருந்தது.

"படகுல ஐஸு ரூம்ல இத்தவிட நெருக்கி அடுக்குவோம்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

வண்டியைத் தள்ளி மூடினார்கள். ராஜாத்தி கட்டிலிலிருந்து எழுந்து வந்து, சந்தன நிறப் பலகையை உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே நடந்தாள்.

ஃபிர்தௌஸ் கிளம்பும்போது குமாரவேல் படி வரைக்கும் வந்தார். "வினிதாவுக்கு வேற எடம் ஒண்ணு வந்துகீது" என்றார். "இந்தவாட்டி மொதல்லயே சொல்லிட்டோம். யோசிக்கிறாங்கோ."

"நல்லதுணா" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.