பாட்டை நிறுத்துகிறவள்

சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள் பிரபா. பாட்டை நிறுத்துகிற ஆள் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் சுவரோரமாக ஒரு எவர்சில்வர் தண்ணீர் டிரம் இருக்கிறது. வந்ததும் வராததுமாகத் தன் துப்பட்டாவால் அவள் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்த டிரம். அதன் வயிற்றில் கூடம் முழுவதும் வளைந்து தெரிகிறது: வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றைச் சுற்றி ஓடுகிறவர்கள், யார் எந்த நாற்காலியை நெருங்குகிறார்கள் என்பது உட்பட. அவளுடைய கட்டைவிரல் ஸ்பீக்கர் பொத்தானின் மேல் காத்திருக்கிறது. ரெபேக்காள் ஒரு நாற்காலிக்கு நேராக வந்த நொடியில் பாட்டு நிற்கிறது.

கைத்தடி ஊன்றி நடக்கிற ரெபேக்காள், அப்படித்தான் மியூசிக்கல் சேரில் ஜெயிக்கிறார்.

சதுரங்கப்பட்டினத்துச் சமுதாயக்கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிற கிளப் இது. அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கானது, அதுவும் பெரியவர்களுக்கு மட்டும். பள்ளி வயது தாண்டிவிட்டால் இவர்களை விளையாடக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை என்று கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருக்கும் கல்யாணிக்குத் தோன்றியது, ஆரம்பித்துவிட்டார். கேரம், அரட்டை, டீ, வடை, கடைசியில் இந்த நாற்காலி ஆட்டம்.

பிரபாவுக்கு முப்பத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். மாமல்லபுரத்துக் கடைகளுக்குச் சிப்பி மாலை கோத்துக் கொடுக்கிறாள். துளை சரியாக இல்லாத சிப்பி கையில் அகப்பட்டால், "பேஜாரு சிப்பி!" என்று ஒரு திட்டு, அது ஓரமாகப் போய் விழும். வலது கையில் கடிகாரம் கட்டியிருப்பாள். மணி பார்க்கத் தெரியாது. ஆனாலும் கிளப்புக்கு யாராவது தாமதமாக வந்தால் வாசலிலேயே மறித்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவாள். வருகிறவர்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்!

பொத்தான் அவள் கைக்கு வந்த நாளிலிருந்து, யார் ஜெயிப்பது என்பதை அவள்தான் முடிவு செய்கிறாள். பிறந்தநாள்காரருக்கு முதல் இடம். அழுதுகொண்டே வந்தவருக்கு அடுத்தது. வேறு யாரும் இல்லையென்றால் ரெபேக்காள். எப்படி இப்படி அமைகிறது என்று கல்யாணி ஆச்சரியப்பட்டால், "அது ஜெயிக்கணும்னு கீது, ஜெயிக்குது," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன சனிக்கிழமைதான் வினை வந்தது.

தமிழ்வாணன் என்று ஆறடி உயர இளைஞன் ஒருவன் கிளப்பில் உண்டு. அதிகம் பேசமாட்டான். பாட்டு என்றால் போதும். ஆட்டத்தில் அவன் ஜெயித்ததே இல்லை. பாட்டு நின்றால் மற்றவர்கள் நாற்காலியைத் தேடுவார்கள், அவன் மட்டும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அன்றைக்கு அதைக் காட்டி, "நானு," என்றான்.

கல்யாணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பிரபா, எப்பவும் நீயேதானே நிறுத்தறே? இன்னிக்குத் தமிழ் பண்ணட்டும். நீயும் ஓடி விளையாடு."

"அவனுக்கு இன்னா தெரியும்?"

"குடுடி, ஒரு தபாதானே," என்றார் ரெபேக்காள். "டிரம்ல பாத்துப் பாத்து என்னை எத்தினி தபா ஜெயிக்க வுட்ட? போதும்."

கூடமே சிரித்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! கல்யாணி மட்டும் டிரம்மையும் பிரபாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிரபா ஸ்பீக்கரை மேஜையில் வைத்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசலில் அண்ணன் தாமோதரன் ஷேர் ஆட்டோவில் சாய்ந்து கிடந்தார். பிரபா ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுண்ணா."

"இன்னாடி, அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிச்சா?"

"என் வேலைய புடுங்கிக்கினாங்க."

"இன்னா வேல, பட்டன் அமுக்குறதா? பெரிய கலெக்டர் உத்தியோகம். பென்ஷன் வருமா?"

அவள் சிரிக்கவில்லை. "நான் நிறுத்துனா எல்லாரும் நிக்கிறாங்கண்ணா. வூட்ல யாரு நிக்கிறாங்க?"

தாமோதரன் எழுந்து உட்கார்ந்தார். வீட்டில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. அண்ணி எடுத்து வைத்த சுடிதாரைப் போடுகிறாள், அண்ணி வைத்த நாஸ்தாவைத் தின்கிறாள், டிவியில் மற்றவர்கள் பார்ப்பதைப் பார்க்கிறாள்.

"இனிமே இங்க வரமாட்டேன்," என்றாள்.

"செரி, வராத," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பப் போனார்.

"இரு." அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது. "நிறுத்தவே இல்ல அவன்."

"நிறுத்துவான், வுடு."

"ரெபேக்காளுக்குக் கால் நோவும்." இறங்கிவிட்டாள்.

"வரமாட்டேன்னியே?"

"நீ எங்கியும் பூடாத," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

உள்ளே தமிழ்வாணன் ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரம் ஒரு பாட்டும் பாதியில் அறுபடாமல் அவனுக்கு இந்தக் கூடத்தில் கிடைத்ததே இல்லை. நாற்காலிகளைச் சுற்றி எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. ரெபேக்காள் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தொங்கினார்.

"தமிழ், நிறுத்துப்பா," என்று கல்யாணி கெஞ்சினார். அவன் காதில் விழவில்லை.

பிரபாவைப் பார்த்ததும் எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. பொத்தான் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் தமிழ்வாணனின் மூடிய கண்களைப் பார்த்தாள், அவன் உதட்டில் இருந்த சிரிப்பைப் பார்த்தாள். அவனைக் கடந்து வட்டத்துக்குள் போனாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நகர்ந்து பாதி இடம் விட்டு, ரெபேக்காளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். கல்யாணியும்.

காலடிச் சத்தம் அடங்கியதும் தமிழ்வாணன் கண்ணைத் திறந்தான். எல்லோரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் வாடினான். என்னவோ தப்புச் செய்துவிட்டோம் என்று அவன் விரல் அவசரமாகப் பொத்தானைத் தேடியது.

பிரபா உட்கார்ந்தபடியே ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். பாட்டு ஓடட்டும் என்று காற்றில் ஒரு வட்டம் போட்டாள்.