அடிமட்டம் வைத்து வெட்டிய பெயர்கள்

வாக்களிப்பு நிலையத்தில் எழுதுவினைஞராக உட்காருவது, ஆளைப் பார்க்காமல் அட்டையைப் பார்க்கிற வேலை. மாத்தளையில் ஆசிரியராக இருக்கும் நான் தேர்தலுக்குத் தேர்தல் இந்தக் கடமைக்குப் போகிறேன். காலை ஏழு மணியிலிருந்து நாலு மணிவரை கதிரையை விட்டு எழும்பாமல் முதுகு ஒடிந்த மற்ற எழுதுவினைஞர்களே, உங்களுக்கும் இப்படியெல்லாம் நடந்திருக்கும்.

கிளினிக் கொப்பி

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கடமை. கொழுந்து பறிக்கும் செல்லம்மா பாதி நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது. அடையாள அட்டை இல்லை, கையில் ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி மட்டும்தான். பிறந்ததைப் பதியாமல் விட்டதால் விண்ணப்பம் வருஷக்கணக்காக அலைகிறது. தேர்தலுக்கென்று கொடுக்கும் தற்காலிக அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளும் முடிந்துவிட்டது.

அவருடைய மகள் என்னிடம் படித்தவள். ஆளை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். "இவங்கள விட்டா நாளைக்கு எல்லாரும் கொப்பியத் தூக்கிட்டு வருவாங்க. கள்ள வோட்டு அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார் ஒரு கட்சி முகவர். நிலையப் பொறுப்பதிகாரியும் முடியாது என்றார். செல்லம்மா கையிலிருந்த கிளினிக் கொப்பியை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதக் காட்டித்தான் சேர் எனக்கு ஆப்பரேஷன் செஞ்சாங்க. வயித்தக் கிழிக்க நம்புனாங்க, ஒரு புள்ளடி போட நம்ப மாட்டீங்களா?"

மகனுக்கு வந்த அட்டை

மாத்தளை டவுனில் நடந்தது. கடையில் வேலை செய்யும் ஒருவர் காலையிலேயே வாக்களித்துவிட்டுப் போனவர், மத்தியானம் இன்னொரு வாக்காளர் அட்டையோடு வரிசையில் நின்றார். விரலில் மை அப்படியே இருந்தது. மறைக்கக்கூட இல்லை.

முகவர்கள் இரண்டு பேரும் "ஆள்மாறாட்டம்" என்று எழும்பினார்கள். கொன்ஸ்டபிள் உள்ளே வந்தார். அட்டை அவருடைய மகனுடையது. பத்தொன்பது வயது, போன மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். இடாப்பிலிருந்து பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. பொறுப்பதிகாரி அவரை மூலையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இது மறியலில் அடைக்கிற குற்றம் என்று மெதுவாக விளக்கி அனுப்பினார். அடுத்தவர் வாக்கைப் போட வந்த ஒருவரை என் கண்ணால் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"அவனுக்கு வந்த மொத வோட்டு சேர். சும்மா போகக் கூடாதுன்னு நெனச்சேன்."

ஒரு வரி தள்ளி

இதைச் சொல்ல எனக்கு வெட்கம். பலாபத்வலவில் கடமை. தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்கும் கிருஷ்ணன், இரண்டு பஸ் மாறி வாக்களிக்க வந்தார். வாக்களித்தவர் பெயரை அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து வெட்டுவது என் வேலை; அவர் பெயர் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. ஆனால் விரலில் மை இல்லை. சத்தியக் கடதாசியில் கையெழுத்து வாங்கி, தனியாக ஒரு வாக்குச்சீட்டு கொடுத்தோம். அது பெட்டிக்குள் போகாது, கடித உறைக்குள்தான் போகும். வழக்கு வந்தால் ஒழிய யாரும் எண்ணமாட்டார்கள். அதைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. புள்ளடி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே, அவர் வாக்கை எவனோ போட்டுவிட்டான், "கள்ள வோட்டு" என்று ஒரே சத்தம்.

நாலு மணிக்கு இடாப்பை மூடும்போதுதான் கண்டேன். மேல் வரியில் அதே பெயரில் இன்னொரு கிருஷ்ணன். காலையில் வந்து வாக்களித்த அந்தக் கிழவரை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் பெயர் வெட்டப்படவில்லை. அடிமட்டம் ஒரு வரி கீழே இறங்கியிருக்கிறது. பிடித்திருந்தது என் கை. இடாப்பை எடுத்துக்கொண்டு பொறுப்பதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அறிக்கையில் அதை எழுதிக்கொண்டே அவர் சொன்னார்:

"நான் எழுதுறேன் மாஸ்டர். ஆனா களவுன்னு சொன்னா நம்புற சனம், பிழைன்னு சொன்னா நம்பாது."

இத்தனை தேர்தலிலும் நாங்கள் தேடிய கள்ளன் அகப்படவில்லை, நாங்கள் திருப்பி அனுப்பியவர்கள்தான் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் தினமும் எதிரே வருகிறார்கள்.